நேவா நதியில் மின்சாரப் படகு

கணிதம் பயிலும் நண்பர்களுக்கு யாக்கோபி என்ற பெயர் புதிதன்று. இரட்டைத் தொகையீட்டில் மாறிகளை மாற்றும்போதெல்லாம் 'ஜேக்கோபியன்' குறுக்கே வந்து நிற்கும். அதை எழுத மறந்து தேர்வில் மதிப்பெண் இழந்தவர்கள் நம் விடுதியிலேயே பலர் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கார்ல் யாக்கோபி. மின்பொறியியல் நண்பர்களும் ஒரு யாக்கோபியை அறிவார்கள். பாட்டரியின் உள்தடையும் வெளித்தடையும் சமமாகும்போது மிகுதியான திறன் கிடைக்கும் என்னும் விதி அவர் பெயரால் வழங்குகிறது. இருவரும் ஒருவரே என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. பின்னவர் முன்னவரின் அண்ணன். மோரிட்ஸ் ஹெர்மன் யாக்கோபி என்பது அவர் முழுப்பெயர். தம்பியின் புகழுக்கு முன் சற்று மங்கிப்போன இந்த அண்ணன்தான், மனிதர்களை ஏற்றிக்கொண்டு மின்சாரத்தால் ஓடிய முதற் படகை உலகுக்குக் காட்டியவர்.

1801-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், பிரஷ்யாவின் போட்ஸ்டாம் நகரில், வசதியான ஒரு யூதக் குடும்பத்தில் மோரிட்ஸ் பிறந்தார். தந்தை வங்கித் தொழில் செய்தவர். மூன்றாண்டு கழித்துத் தம்பி கார்ல் பிறந்தார். தம்பிக்கு இளமையிலேயே கணிதம் கைவந்தது; இருபத்தைந்து வயதுக்குள் ஐரோப்பா முழுவதும் அறிந்த பெயராகிவிட்டார். அண்ணனோ கோட்டிங்கன் நகரில் கட்டடக்கலை பயின்று, வீடும் சாலையும் கட்டும் தொழிலில் காலம் கழித்தார். 1833-இல் தம்பி பேராசிரியராக இருந்த கோனிக்ஸ்பர்க் நகருக்கே அவரும் போய்ச் சேர்ந்தார். முப்பது வயது கடந்தும் பெயர் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை என்ற குறை அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் பகலெல்லாம் கட்டட வேலை பார்த்தவர், ஓய்வு நேரத்தில் காந்தங்களோடு போராடிக்கொண்டிருந்தார்.

1834 மே மாதத்தில் அவர் செய்த மோட்டார் சுழன்றது. அதற்கு முன்பும் மின்காந்தத்தால் அசையும் கருவிகளைச் சிலர் செய்திருந்தனர். அவற்றுட் பல ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடுவன. நீராவி எஞ்சினின் பிஸ்டன் அப்படித்தானே ஆடுகிறது, மின்சாரமும் அவ்வாறே ஆடட்டும் என்று எண்ணினார்கள் போலும். யாக்கோபி அந்த வழியை விட்டு, அச்சு நேராகவே சுழலட்டும் என்று முடிவு செய்தார். அசையாத காந்தங்கள் ஒரு புறம்; சுழலும் காந்தங்கள் மறு புறம்; சுழலும் அச்சே மின்னோட்டத்தின் திசையை உரிய நேரத்தில் மாற்றிக்கொள்ள ஒரு மாற்றி. இன்றைய மோட்டாரின் எலும்புக்கூடு இதில் இருக்கிறது. அதன் வலிமை என்னவோ மிகச் சிறிது. சுமார் 15 வாட். ஐந்து கிலோ எடையை நொடிக்கு ஓர் அடி வீதம் தூக்கும், அவ்வளவே. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லரும், இவரை அறியாமலே, ஒரு மோட்டார் செய்தார்.

யாக்கோபி தம் மோட்டாரைப் பற்றிப் பாரிஸ் அறிவியற் கழகத்துக்கு எழுதினார். அந்தக் கட்டுரை அவருக்கு வாழ்வு தந்தது. 1835-இல் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த டோர்ப்பாட் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அந்த ஊர் இன்று எஸ்தோனியாவில் தார்த்து என்ற பெயரோடு இருக்கிறது. அங்கிருந்து தலைநகரான பீட்டர்ஸ்பர்க் தொலைவில் இல்லை. 1837-இல் ஜார் முதலாம் நிக்கோலஸ், மின்காந்தத்தால் கப்பலை ஓட்ட முடியுமா என்று ஆராய ஒரு குழு அமைத்து, இவரை வரவழைத்தார். உலகைச் சுற்றிவந்த கடற்படைத் தலைவர் குரூசன்ஷ்டெர்ன் குழுவின் தலைவர். லென்ஸ் விதிக்குரிய லென்ஸ், கணிதமேதை ஒஸ்திரோகிராட்ஸ்கி முதலியோர் உறுப்பினர். கட்டடம் கட்டிக்கொண்டிருந்தவருக்கு மூன்றே ஆண்டில் இந்த வாய்ப்பு!

1838 செப்டம்பரில் நேவா நதியில் அந்தப் படகு இறங்கியது. ஏறத்தாழ 28 அடி நீளம், ஏழரை அடி அகலம். இரு பக்கமும் துடுப்புச் சக்கரம். மோட்டாருக்கு மின்சாரம் தந்தவை 320 இணைத் துத்தநாக-செம்புத் தகடுகள். இவை சுமார் 200 கிலோ எடை. படகின் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு பேருக்குமேல் ஏறிக்கொள்ள, படகு மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஏழு கிலோமீட்டர் போல ஓடியது. வேகத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அந்த மோட்டாரின் திறன் கால் குதிரைச் சக்திதான். அஸ்ஸி கட்டத்தில் படகேறி டீசல் எஞ்சினின் இரைச்சலில் காது அடைத்துத் திரும்பிய நம் நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும்: கொதிகலன் இல்லை, புகைப்போக்கி இல்லை, பாய் இல்லை, துடுப்பு வலிப்போரும் இல்லை, படகு தானே போகிறது. கரையில் நின்றவர்களுக்கு அது மாயமாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் யாக்கோபிக்குத் தெரியும், தம் தொல்லை மோட்டாரில் இல்லை, பாட்டரியில்தான் என்று. அவர் பயன்படுத்தியது டேனியல் கலம். செம்புத் தகடு மயில்துத்தக் கரைசலில் நிற்கும். துத்தநாகம் மெல்லமெல்லக் கரைந்து மின்சாரமாகும். இந்தக் கலம் பொல்லாதது அன்று. நச்சு வாயு எதையும் விடாது. ஆயினும் ஒவ்வொன்றும் 1.1 வோல்ட்தான் தரும், உள்தடையும் மிகுதி. வேகம் வேண்டுமானால் இன்னும் நூற்றுக்கணக்கான தகடுகளை ஏற்ற வேண்டும். ஏற்றினால் படகு கனக்கும். கனத்தால் வேகம் குறையும்.

அந்த வேளையில் இங்கிலாந்தில் வில்லியம் குரோவ் புதிய கலம் ஒன்றைக் கண்டார். இதில் செம்புக்குப் பதில் பிளாட்டினம். மயில்துத்தத்துக்குப் பதில் அடர்ந்த நைட்ரிக் அமிலம். ஏறத்தாழ 1.9 வோல்ட் கிடைக்கும், உள்தடையும் குறைவு. யாக்கோபி அதைத் தம் கையாலேயே செய்து, 1839-இல் படகில் ஏற்றினார். 320 இணை இருந்த இடத்தில் இப்போது 64 இணை. படகு மணிக்கு 4 கிலோமீட்டர் ஓடியது. ஐந்தில் ஒரு பங்கு கலங்களைக்கொண்டு முன்னிலும் கூடுதலான வேகம்!

அதற்குரிய விலையைப் படகில் இருந்தவர்களின் நுரையீரல் கொடுத்தது. குரோவ் கலம் வேலை செய்யும்போது நைட்ரிக் அமிலம் சிதைந்து, செம்பழுப்பு நிறமான நைட்ரஜன் டை ஆக்சைடு ஆவியாக எழும். அது காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. திறந்த வெளியில் கலைந்துவிடும். படகோ ஒரு தொட்டி. பக்கச் சுவர்களுக்கு நடுவே, உட்கார்ந்திருப்பவர்களின் காலடியில் தங்கி, மெல்ல மேலே ஏறும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். அதோடு போய்விடுவதும் இல்லை. கரையேறி வீடு சென்றபின் பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யக்கூடிய நஞ்சு அது. இந்த ஆவியால் படகில் இருந்தவர்கள் பெரிதும் துன்புற்றதாகவும், காற்று வீசிய பக்கத்துக் கரையில் நின்றவர்கள்கூட விலக நேர்ந்ததாகவும் பின்னாளைய மின்பொறியியல் நூல்கள் கூறுகின்றன.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துகிறேன். இன்று ஏரிகளில் உல்லாசமாகச் செல்லும் மின்படகுகளில் நைட்ரிக் அமிலம் இல்லை. எனினும் யாக்கோபியின் இக்கட்டு அப்படியே இருக்கிறது: சிறிய இடத்தில் மிகுந்த சக்தியை அடைத்து, அதன்மேல் மனிதர்களை உட்கார வைக்க வேண்டும். காரீய-அமில பாட்டரிக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றும். அது இலேசான வாயு. ஆகையால் மேற்பலகைக்கு அடியில் போய்த் தங்கும். அங்கே மேல்பக்கத்தில் காற்றுவழி வேண்டும். யாக்கோபியின் படகிலோ அடியில் வேண்டியிருந்தது. லித்தியம் பாட்டரியின் ஆபத்து வேறு வகை. ஒரு கலம் அளவுமீறிச் சூடேறினால் உள்ளே இருக்கும் மெல்லிய இடைத்திரை உருகும். சூடு அடுத்த கலத்துக்குத் தாவும். எரியும் வாயுக்கள் கிளம்பும். அணைந்ததுபோல் தோன்றி மறுபடியும் மூளும். 2019 அக்டோபரில் நார்வே நாட்டுப் பயணிகள் கப்பல் ஒன்றின் பாட்டரி அறையில் தீப்பிடித்தது. மறுநாள் அங்கே சேர்ந்திருந்த வாயு வெடித்தது. தீயணைப்போர் 12 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. குளிரூட்டும் நீர்மம் கசிந்து பாட்டரிக்குள் புகுந்ததே தொடக்கம் என்று கண்டார்கள். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பாட்டரியை வைத்தார்கள். இது ஒரே எடையில் மற்ற சில லித்தியம் வகைகளைவிடக் குறைந்த சக்தியையே தரும்; ஆனால் எளிதில் கொதித்தெழாது. டேனியலா குரோவா என்று நேவா நதியில் எழுந்த கேள்விக்கு அவர்கள் டேனியல் பக்கம் விடை சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

யாக்கோபியின் படகுச் சோதனைகள் 1841 வரை நடந்தன. அதற்குமேல் ஓடவில்லை. ஆவி மட்டும் காரணம் அன்று, செலவுதான் பெருங்காரணம். துத்தநாகத்தைக் கரைத்துச் சக்தி பெறுவது நிலக்கரியை எரித்துப் பெறுவதைவிடப் பன்மடங்கு விலை. அந்தத் துத்தநாகத்தை எடுப்பதற்கே நிலக்கரி வேண்டும் என்றால் பிறகு என்ன சொல்வது? குழு கலைந்தது. தோற்றுப்போன மனிதர் என்று யாரேனும் அவரைச் சொல்லியிருந்தால் அன்று மறுப்பது கடினமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் பாட்டரியே அவருக்கு வேறொன்று தந்தது. டேனியல் கலத்தின் செம்புத் தகட்டின்மேல் புதிய செம்பு படியும். அதை உரித்தெடுத்துப் பார்த்தபோது, அடித்தகட்டில் இருந்த கீறல்கள் அத்தனையும் அதில் அச்சாகப் பதிந்திருப்பதைக் கண்டார். எத்தனையோ பேர் அதைக் கழிவு என்று சுரண்டி எறிந்திருப்பார்கள். இவர் அதை 1838-இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்துக்கு அறிவித்தார். மின்படிவு முறையில் அச்சுத் தகடும் சிலையும் செய்யும் கலை இப்படிப் பிறந்தது. 1839-இல் பாரடேக்கு எழுதிய ஒரே கடிதத்தில் படகையும் இதையும் சேர்த்தே விவரித்தார். லண்டனில் அது அச்சாயிற்று. 1840-இல் இதற்காக தெமீதொவ் பரிசு கிடைத்தபோது, அந்தப் பணத்தை மின்காந்த ஆராய்ச்சிக்கே செலவிடுமாறு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பீட்டர்ஸ்பர்க்கின் புனித ஈசாக்கு தேவாலயத்துச் சிற்பங்கள் பல இம்முறையால் உருவானவை. அதே தேவாலயத்தின் பொற்கூரை பழைய முறையில் பூசப்பட்டது: தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவியை மூச்சில் வாங்கித் தொழிலாளர் பலர் மடிந்தனர் என்பர். மின்சாரத்தால் பொன்முலாம் பூசும் முறை பரவியபின் பாதரசத்துக்கு வேலை குறைந்தது.

அவர் பெயரால் வழங்கும் விதியைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் சுழலும்போது அதனுள்ளேயே ஓர் எதிர் மின்னியக்கு விசை பிறந்து மின்னோட்டத்தைக் குறைக்கிறது என்பதை யாக்கோபி ஆராய்ந்தார். அந்த எதிர்விசை பாட்டரியின் விசையில் பாதியாகும்போது மோட்டார் மிகுதியான வேலை செய்யும். அப்போது சக்தியில் பாதி வெப்பமாக வீணாகும். இது சரி. ஆனால் பின்வந்தோர் பலர், எந்த மோட்டாரும் பாதிக்குமேல் பயன் தராது என்று இதைப் புரிந்துகொண்டனர். மிகுதியான திறன் வேறு, மிகுதியான பயனுறுதிறன் வேறு. மோட்டாரை இன்னும் விரைவாகச் சுழலவிட்டால் வேலை குறையும், வீணும் குறையும். இந்தக் குழப்பம் தெளிய 1880-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் வகுப்பிலும் இது இன்னும் முற்றத் தெளிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். ரஷ்யாவிலேயே தங்கி, போரிஸ் செம்யோனவிச் என்ற ரஷ்யப் பெயரும் பூண்டார். குளிர்கால அரண்மனையிலிருந்து படைத்தலைமையகத்துக்கு 1841-இலும், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜார்ஸ்கோயே செலோவுக்கு 1843-இலும் தந்தி அமைத்தார். 1847-இல் அறிவியற் கழகத்தின் முழு உறுப்பினர் ஆனார். தம்பி கார்ல் 1851-இல் பெரியம்மை கண்டு இறந்தார். கிரிமியப் போரில் குரோன்ஷ்டாட் துறைமுகத்தைக் காக்க, மின்சாரத்தால் வெடிக்கும் நீர்க்கண்ணிகளை யாக்கோபி செய்து கொடுத்தார். படகை ஓட்டத் தொடங்கிய கை படகை உடைக்கும் கருவியையும் செய்தது. இறுதி ஆண்டுகளில் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவை வேண்டும் என்று மீட்டர் முறைக்காக ஐரோப்பிய மாநாடுகளில் உழைத்தார். 1874 மார்ச் 10-ஆம் நாள் மாரடைப்பால் பீட்டர்ஸ்பர்க்கில் மறைந்தார். 1875-இல் கையெழுத்தான மீட்டர் உடன்படிக்கையை அவர் பார்க்கவில்லை.

1881-இல் பாரிஸில் குஸ்தாவ் துரூவே, கழற்றி மாட்டக்கூடிய ஒரு மோட்டாரைப் படகில் வைத்து சேன் நதியில் ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு லண்டன் தேம்ஸ் நதியில், மறுபடி மறுபடி மின்னேற்றக்கூடிய காரீயக் கலங்களோடு 'எலெக்ட்ரிசிட்டி' என்ற படகு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் தேம்ஸ் கரையில் மின்னேற்றும் நிலையங்கள் ஏற்பட்டு, விடுமுறை நாட்களில் மின்படகு வாடகைக்குக் கிடைத்தது. பட்டுக் குடையும் சிற்றுண்டிக் கூடையுமாக ஏறியவர்கள் இருக்கையில் அமர்ந்து ஆற்றை வேடிக்கை பார்த்தார்கள். அமிலம் நிறைந்த கலங்கள் அந்த இருக்கைகளுக்கு அடியில் இருந்தன.