சில்வண்டுக்குக் காது உண்டா?
பீரங்கி வெடித்துப் பார்த்த ஃபாபர்

வெயில் காலத்தில் தோப்புக்குள் போனால், "ரீ...ங்" என்று காதைத் துளைக்கும் சத்தம் கேட்கிறது அல்லவா? அதுதான் சில்வண்டு. அதற்குக் காது கேட்குமா என்று அறியப் பீரங்கியே வெடித்தார் ஒருவர்! அவர்தான் பிரான்சு நாட்டு ஹென்றி ஃபாபர்.

ஏழை ஆசிரியர்

ஃபாபர் 1823-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கஷ்டப்பட்டுப் படித்து ஆசிரியர் ஆனார். அவிஞான் நகரில் பொதுமக்களுக்கு இலவச வகுப்பு நடத்தினார். பூ எப்படிக் காயாகிறது என்பதை இளம் பெண்களுக்கும் விளக்கினார். அது தகாது என்று சிலர் எதிர்த்தார்கள். வேலை போயிற்று. வாடகை வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது.

அவர் மனம் தளரவில்லை. பாடப் புத்தகங்கள் எழுதிப் பிழைத்தார். 1879-ல் செரிஞான் என்ற ஊரில் வீடும் நிலமும் வாங்கினார். நிலம் முழுவதும் கல்லும் முள்ளும்! ஆனால் பூச்சிகள் ஏராளம். அவருக்கு அதுதானே வேண்டும்!

அதிர்ந்தது ஊர்!

வாசல் மரங்களில் ஆணும் பெண்ணுமாகச் சில்வண்டுகள் உட்கார்ந்திருக்கும். துணையை அழைக்கவே ஆண் வண்டு கத்துகிறது என்றார்கள். பக்கத்தில் இருக்கும் துணையை இவ்வளவு சத்தம் போட்டா அழைக்க வேண்டும்? ஃபாபருக்குச் சந்தேகம்.

திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும் இரண்டு சிறு பீரங்கிகளைக் கொண்டுவரச் செய்தார். கண்ணாடி உடையாமல் இருக்க ஜன்னல்களைத் திறந்து வைத்தார். மருந்து கிட்டித்து வெடித்தார்கள். டமார்!

சில்வண்டுகள் அசையவில்லை. சத்தமும் குறையவில்லை. மறுபடியும் டமார்! அப்போதும் அப்படியே. சில்வண்டுக்குக் காது மந்தம் என்று ஃபாபர் முடிவு கட்டினார்.

வயிற்றில் காது!

அந்த முடிவு தவறு என்பது பின்னால் தெரிந்தது. சில்வண்டுக்குக் காது உண்டு. அது வயிற்றில் இருக்கிறது! தன் இனத்தின் குரலை அது நன்றாகக் கேட்கும். பீரங்கியின் கனத்த ஓசை வேறு, சில்வண்டின் கீச்சுக்குரல் வேறு.

ஆண் வண்டின் வயிற்றின் இரு பக்கமும் விறைப்பான சவ்வு இருக்கிறது. தசை இழுத்தால் அது உள்ளே மடங்கும், விட்டால் நிமிரும். ஒரு வினாடியில் பல தடவை இப்படி நடப்பதால் சத்தம் உண்டாகிறது. வெற்று வயிறு அதைப் பெருக்குகிறது. பெண் வண்டுக்கு அந்தச் சவ்வு இல்லை. ஆண் கத்துவது பெண்ணை அழைக்கத்தான்!

பூச்சிகளைப் பற்றி 10 பாகங்கள் எழுதிய ஃபாபர், 1915-ல் 91-வது வயதில் காலமானார். அவர் முடிவு தவறியது உண்மைதான். ஆனால் பிறர் சொன்னதை அப்படியே நம்பாமல், தாமே சோதித்துப் பார்த்தாரே, அந்தக் குணம் அல்லவா பெரிது!