பால் பிராண்ட்: தொழுநோயால் மடங்கிய விரல்களை வேலூரில் நிமிர்த்திய மருத்துவர்

சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது உங்கள் விரல்களைக் கவனியுங்கள். அடி மூட்டில் மடங்கும், நுனி நேராக நிற்கும். இதைச் செய்வது உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள். தொழுநோய் அவற்றுக்கான நரம்பைத் தாக்கினால் விரல்கள் பறவையின் நகம் போல வளைந்துவிடும். அப்புறம் சோற்றை அள்ளவே முடியாது.

அந்தக் கைகளைச் சரிசெய்ய முடியும் என்று காட்டியவர் பால் பிராண்ட். மிஷனரி பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர். படிக்க இங்கிலாந்து போனார். 1929-இல் அப்பா கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்துபோனார். மருத்துவம் படிக்கும் முன் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். (இது பின்னால் உதவியது.) 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார்.

திருப்பம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் நடந்தது. வளைந்த கையோடு இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார். வலிக்கும் அளவுக்கு அழுத்தினார் அந்த மனிதர். அப்படியென்றால் முன்கைத் தசைகள் சாகவில்லை! செத்தது உள்ளங்கைத் தசைகள் மட்டும்தான்.

இருப்பதை எடுத்து இல்லாத இடத்தில் பூட்டுவதுதான் தீர்வு. தசையை எலும்போடு இணைக்கும் கயிறு தசைநாண். (பேச்சில் இதையும் நாம் பல சமயம் நரம்பு என்றுதான் சொல்கிறோம்.) முதலில், விரலை மடக்கும் தசைநாண் ஒன்றைப் பிரித்து விரல்களுக்கு இணைக்கும் பழைய முறையையே பின்பற்றினார். பிறகு, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றைப் பயன்படுத்தினார். அதன் நீளம் போதாது. காலிலிருந்து மெல்லிய தசைநாண் ஒன்றை எடுத்து ஒட்டுப்போட்டு, நான்கு இழைகளாக்கி, விரலுக்கு ஒன்றாகத் தைத்தார். கட்டைப் பிரித்ததும் வேலை முடியாது. மணிக்கட்டை நிமிர்த்திவந்த தசை இப்போது விரலை இயக்க வேண்டும். அதை மூளை புதிதாகப் பழக வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சி தேவை.

கை சரியானவர்கள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். விரல் நேரானதால் பிச்சை குறைந்துவிட்டது. தொழுநோயாளி என்பதால் வேலையும் யாரும் தரவில்லை. எனவே வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கி, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

அங்கேதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. சரிசெய்த கைகளிலும் புண் வந்தது. நோய் சதையை அழுகவைக்கிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், சொரசொரப்பான சுத்தியல் பிடி, இறுகிய பூட்டுச் சாவி. வலி தெரியாததால் கையை யாரும் விலக்கவில்லை, அவ்வளவுதான். தசைநாணை மாற்றலாம், உணர்ச்சியை மாற்றிவைக்க முடியாது.

சிலருக்கு இரவில் விரல் நுனியே காணாமல் போனது. கண்காணித்துப் பார்த்தால் எலி! அதன்பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள்.