ஆய்வுக்கூடமும் ஆலைக்கூடமும்: ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்

கல்வி அறிவைத் தருதல் வேண்டும் என்பர் சான்றோர். அது வாழ்வதற்கு ஒரு வழியையும் காட்டுதல் வேண்டும் என்பது இளையோரின் எதிர்பார்ப்பு. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன அல்ல என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் வேதியியல் பேராசான் பிரபுல்ல சந்திர ராய். வேதிப்பொறியியல் என்னும் படிப்பே நம் நாட்டில் தோன்றியிராத காலத்தில், அத்துறையின் இடர்களையெல்லாம் தாமே ஏற்று ஓர் ஆலையை எழுப்பியவர் அவர். மேற்படிப்பின் வாயிலில் நிற்கும் மாணவர்க்கு அவர் வரலாறு பயன்தரும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கிறோம்.

இளமையும் கல்வியும்

வங்காளத்தின் அன்றைய ஜெசூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராருலி என்னும் சிற்றூரில், 1861ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தையார் ஹரிஷ் சந்திரர் நிலக்கிழார், பாரசீகம் கற்றவர், வீட்டிலேயே நூலகம் ஒன்றை வைத்திருந்தவர். கல்கத்தாவில் பயின்றுகொண்டிருந்த மகன் 1874இல் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய்க்கு ஆளானார். பள்ளியை விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அந்நோய் அவர் உடலை வாழ்நாள் முழுதும் வருத்திற்று. எனினும் அந்த இடைவெளியை அவர் வீணாக்கவில்லை. தந்தையாரின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று.

பின்னர் வித்தியாசாகர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அறிவியல் விரிவுரைகளைக் கேட்பதற்காக மாநிலக் கல்லூரிக்குச் சென்று வந்தார். அங்கே பேராசிரியர் பெட்லர் செய்துகாட்டிய சோதனைகள் அவர் உள்ளத்தை வேதியியலின்பால் ஈர்த்தன. கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882இல் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். 1887இல் டி.எஸ்சி. பட்டம் பெற்று, 1888இல் தாயகம் திரும்பினார்.

அத்துணை உயர்ந்த பட்டம் பெற்றவர்க்கும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வேலை கிட்டவில்லை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வித்துறையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கே உரியனவாக இருந்த காலம் அது. 1889இல்தான் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியராக அமர்ந்தார்.

எழுநூறு ரூபாயில் ஓர் ஆலை

பட்டம் பெற்ற இளைஞர் எழுத்தர் வேலைக்கு அலைவதையும், நாட்டின் மூலிகைகளும் கனிமங்களும் கப்பலேறிச் சென்று மருந்துகளாகத் திரும்பி வருவதையும் அவர் கண்டார். தம் மாணவர்க்குப் பிழைப்பு வேண்டுமாயின், அதற்குரிய தொழிலையும் தாமே தொடங்க வேண்டும் எனத் துணிந்தார். 1892இல், மேல் சர்க்குலர் சாலையில் 91ஆம் எண்ணுள்ள தம் வாடகை வீட்டில், ஏறத்தாழ 700 ரூபாய் முதலீட்டில் வங்காள வேதித் தொழிலகத்தைத் தொடங்கினார்.

இடர்கள் அன்றே தொடங்கின. எலும்புச் சாம்பலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து, பின்னர்ச் சோடாவைக் கலந்து சோடியம் பாஸ்பேட் செய்யலாம் என்பது நூலறிவு. கல்லூரிச் சோதனைக்குச் சில துண்டு எலும்பு போதும். தொழிலுக்கோ மூட்டை மூட்டையாக வேண்டும். கசாப்புக் கடைகளிலிருந்து வாங்கிய எலும்புகளை மாடியில் காயவைத்தார். மழை பெய்தது, புழு நெளிந்தது, காகங்கள் எலும்புகளை அண்டை வீடுகளில் கொண்டு போட்டன. அண்டை வீட்டார் வெகுண்டனர். வேறிடத்திற்குக் கொண்டுசென்று இரவில் எரித்தபோது, பிணத்தை எரிக்கின்றனரோ என ஐயுற்றுக் காவலர் ஓடிவந்தனர்.

நகைப்பிற்குரிய இந்நிகழ்ச்சியில் ஓர் ஆழ்ந்த பாடம் உண்டு. குடுவையில் நிகழும் வினை கொப்பரையில் அவ்வாறே நிகழ்வதில்லை. ஒரு கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால், அதன் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். வெப்பம் வெளியேறும் புறப்பரப்போ நூறு மடங்கே ஆகும். ஆகவே சிறு குடுவையில் தானே தணியும் சூடு பெருங்கலத்தில் தேங்கி நின்று, வெடிப்பிற்கும் காரணமாகலாம். சூட்டைத் தணிப்பது, கலப்பது, வடிகட்டுவது, காய்ச்சி வடிப்பது, உலர்த்துவது ஆகிய பணிகளைப் பேரளவில், குறைந்த செலவில், தீங்கின்றிச் செய்யும் கலையே வேதிப்பொறியியல். மான்செஸ்டரைச் சேர்ந்த ஜார்ஜ் டேவிஸ் இத்துறைக்கு முதற் கையேட்டை வெளியிட்டது 1901இல்தான். நம் பேராசானோ அதற்கு முன்னரே பட்டறிவால் இதனைக் கற்றுக்கொண்டிருந்தார்.

இழப்பும் வளர்ச்சியும்

கல்லூரி முடிந்ததும் தொழிலகத்திற்கு விரைவது அவர் வழக்கம். மருத்துவர் அமூல்ய சரண் போஸ் அவருக்குத் தோள்கொடுத்தார். ஓமநீர், ஆடாதோடைப் பாகு முதலிய நாட்டு மருந்துகள் மருத்துவரிடையே பரவின. ஆயினும் 1898இல் கொள்ளைநோய் அமூல்யரைக் கொண்டு சென்றது. உடனுழைத்த வேதியியல் பட்டதாரி சதீஷ் சந்திர சின்ஹா, ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயனிக் அமில நஞ்சினால் உயிரிழந்தார். பிரபுல்லர் துயருற்றார்; ஆயினும் பணியைக் கைவிட்டாரல்லர்.

1901இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. 1905இல் மாணிக்தலாவில் முதல் ஆலை எழுந்தது. பிற்காலத்தில் வங்க இலக்கியத்தில் புகழ்பெற்ற ராஜசேகர் போஸ், வேதியியல் வல்லுநராகச் சேர்ந்து அதனைத் திறம்பட நடத்தினார். 1980இல் நாட்டுடைமையாக்கப்பட்ட அந்நிறுவனம் நடுவண் அரசின் நிறுவனமாக இன்றும் இயங்குகிறது.

ஆலைப் பணியால் ஆய்வுப் பணி குன்றவில்லை. மெர்க்குரஸ் நைட்ரைட்டைப் பற்றிய அவர் ஆய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. இந்திய வேதியியல் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதினார். 1924இல் இந்திய வேதியியல் கழகத்தை நிறுவி, அதன் முதல் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளாமல் கல்லூரி அறையிலேயே எளிமையாய் வாழ்ந்த அவர், 1921இல் அறுபது வயது நிறைந்தபின் தம் பல்கலைக்கழக ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மறைந்தார்.

இன்றைய மாணவர்க்கு

அவர் தாமே தேடிக் கண்ட வழி இன்று செம்மையான பாடத்திட்டமாக உள்ளது. 1921இல் கல்கத்தாவில் வேதிப்பொறியியல் கல்வி தொடங்கிற்று. அவர் மறைந்த அதே 1944இல், சென்னையில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றோர் இப்பட்டப் படிப்பில் நேரே சேரலாம். பட்டயம் பெற்றோரும், மேல்நிலையில் கணிதம் பயின்று பி.எஸ்சி. முடித்தோரும் இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், காகிதம், சர்க்கரை, சிமெண்டு, மருந்து, உணவு, சாயம், தோல் எனப் பல தொழில்கள் இவர்களை வேண்டி நிற்கின்றன. பண்டம் வேறாயினும் காய்ச்சுதலும் வடித்தலும் உலர்த்தலும் யாண்டும் ஒன்றே. ஆதலின் ஒரு தொழில் நலிந்தால் மற்றொன்றிற்குச் செல்ல இப்படிப்பு இடந்தரும். ஆலையை வடிவமைப்போர், இயக்குவோர், தரத்தை ஆய்வோர், பயிற்றுவோர் எனப் பணிகளும் பலவாகும்.

பொருளை ஆக்குவதைப் போலவே உயிரைக் காப்பதும் இத்துறையின் கடமை. 1984இல் போபாலில் நிகழ்ந்த பேரழிவு இதனை உலகிற்கு உணர்த்தியது. நம் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிலும், பாலாற்றில் கலந்த கழிவுநீர் குறித்து 1996இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஆற்றையும் காத்து, அதனை நம்பிய தொழிலாளர் குடும்பங்களையும் காக்க வல்லது கழிவுநீரைத் தூய்மைசெய்யும் பொறியியலே. அவ்வறிவைப் பெற்ற இளைஞர் நம் ஊர்களிலிருந்தே வருதல் வேண்டும் என விழைகிறோம்.

பட்டம் பெற்றபின் வேலை கிடைக்குமா என்று வினவுவது இயல்பே. பிரபுல்ல சந்திரரும் அவ்வினாவை எதிர்கொண்டவர்தாம். அவரோ தமக்கு வேலை கிட்டியதும் அமைதி கொள்ளாமல், பிறர்க்கு வேலை தரும் வழியைத் தேடினார். வேதியியலைக் கற்கும் நம் மாணவர்களும், தாம் கற்றது எத்தனை குடும்பங்களுக்கு அடுப்பெரிக்கும் என்ற வினாவையும் உடன் எழுப்பிக்கொள்வார்களாயின், அவர் உழைப்பு வீண்போகவில்லை என நாம் மகிழலாம்.