மணி ஒலிக்கும் முன்னே மறைந்தவர்

பழைய இரயில் நிலையக் கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். அறைக்கு வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, இவற்றுள் எது சரியான நேரத்தைக் காட்டுகிறது என்பதைத்தான். நான் கேட்கும் கேள்வி வேறு. இதைச் செய்தவர் யார்?

இதற்கு விடை எளிதில் கிடைப்பதில்லை. கடிகார முகப்பில் பெரும்பாலும் இரயில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இல்லையென்றால் விற்ற கடையின் பெயர் இருக்கும். செய்தவரைக் காண, பெட்டியைத் திறந்து, விளக்கைப் பிடித்து, பித்தளைத் தகட்டில் ஏதேனும் முத்திரை உள்ளதா என்று தேட வேண்டும். பல வேளைகளில் அங்கும் ஒன்றும் இராது.

இப்படிச் செய்தவர்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எட்வர்ட் ஜான் டென்ட் என்பவரின் வாழ்க்கை என்னை நிறுத்தி வைத்தது. லண்டனின் பிக் பென் மணியை அறியாதவர் நம்மில் இல்லை. அம்மணியை அடிக்கும் கடிகாரத்தைச் செய்ய ஒப்பந்தம் பெற்றவர் இவர். ஆனால், அம்மணியின் ஒலியை இவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

மெழுகுவர்த்தியை விட்டு விலகியவர்

டென்ட் 1790ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தார். பாட்டனார் விலங்குக் கொழுப்பிலிருந்து மெழுகுவர்த்தி செய்பவர். 1804இல் அவரிடமே பேரனைத் தொழில் பழகச் சேர்த்தார்கள். அந்நாளில் இத்தகைய பயிற்சி ஒப்பந்தம் ஒருவரின் வாழ்நாள் தொழிலையே முடிவு செய்துவிடும்.

ஆனால், இளைஞர் தங்கியிருந்ததோ உறவினரான ரிச்சர்ட் ரிப்பன் என்பவரின் வீட்டில். ரிப்பன் கடிகாரத் தொழிலாளி. அங்கு கண்ட வேலை டென்டின் மனத்தைப் பிடித்துக்கொண்டது. 1807இல், தம் பதினேழாம் வயதில், அவர் மெழுகுவர்த்தியை விட்டுக் கடிகாரத் தொழிலுக்கு மாறினார். வீட்டார் காட்டிய துறையில் சேர்ந்துவிட்டு, மனம் வேறெங்கோ இருக்க விரிவுரைக்குச் செல்லும் மாணவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் இந்த 1807ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவர் மாறினார், மாறிய பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அமைதியாக உழைத்தார். இரண்டாவது பகுதியைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கடலில் நான்கு நொடி

அவர் தேர்ந்தது குரோனோமீட்டர் எனப்படும் கப்பல் கடிகாரத்தில். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கப்பலில் சரியாகக் காத்து வந்தால், கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்கிடலாம். கடிகாரம் நான்கு நொடி தவறினால், நிலநடுக்கோட்டருகே கணக்கு ஒரு கடல்மைல் தவறும். இருட்டில் பாறைகளுக்கு இடையே செல்லும் மாலுமிக்கு அது உயிர் பிரச்சினை.

1829இல் கிரீனிச் வானாய்வகம் நடத்திய சோதனையில் டென்டின் குரோனோமீட்டர் முதற்பரிசு பெற்றது. மறு ஆண்டே, புகழ்பெற்ற ஜான் ரோஜர் ஆர்னல்ட் அவரைத் தம் தொழிலில் பங்காளியாக ஏற்றார். சார்ல்ஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் 1831இல் 22 குரோனோமீட்டர்களுடன் புறப்பட்டது. அவற்றுள் ஆர்னல்ட், டென்ட் பெயர் தாங்கியவையும் இருந்தன. 1840இல் கூட்டு முடிவுற்றது. ஐம்பது வயதில் டென்ட் தனியே கடை திறந்தார்.

இரயில் கேட்ட நேரம்

அதே 1840இல்தான் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே தன் நிலையங்களில் லண்டன் நேரத்தைப் பின்பற்றத் தொடங்கியது. அதுவரை ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் வரும் சூரியனைக் கொண்டே நண்பகலைக் குறித்தது. லண்டனில் நண்பகல் ஆனபோது பிரிஸ்டலில் அதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. குதிரை வண்டிக்கு இது பொருட்டில்லை. கால அட்டவணைப்படி ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரயில்களுக்கோ அது ஆபத்து.

டென்ட் இந்தக் காலத் திருப்பத்தை நன்கு உணர்ந்திருந்தார். புளோக்சம் என்ற வழக்கறிஞர் கண்டறிந்த ஒரு சிறு கருவியை 1843இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் சூரியனின் இரு பிம்பங்கள் நகர்ந்து வந்து ஒன்றாகும் நொடியே அவ்வூரின் நண்பகல். தந்தி எட்டாத ஊர்களிலும் கடிகாரத்தைச் சரிபார்க்க அது உதவியது.

அடுத்து வந்தது பெரிய சோதனை. தீயில் அழிந்த லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் மீண்டும் எழுந்தபோது, அதன் கோபுரக் கடிகாரத்துக்கு அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி ஒரு நிபந்தனை விதித்தார். ஒவ்வொரு மணியின் முதல் அடியும் ஒரு நொடிக்குள் சரியாக விழ வேண்டும். காற்றும் மழையும் தாக்கும் கோபுரக் கடிகாரத்தில் அது நடவாது என்றே தொழிலில் இருந்த பலர் எண்ணினர். டென்ட் அதுவரை கோபுரக் கடிகாரம் செய்து பழகியவர் அல்லர். ஆயினும் ஏற்றார், தனிப் பட்டறையே அமைத்தார், 1844இல் செய்து முடித்தார்.

1851இல் நடந்த லண்டன் மாபெரும் கண்காட்சியில் அவருடைய கோபுரக் கடிகாரம் பரிசு பெற்றது. அதைத்தான், 1852இல் திறக்கப்பட்ட கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்தின் கோபுரத்தில் ஏற்றினார்கள். கப்பலுக்காகப் பழகிய துல்லியம் இரயில் பயணிகளின் தலைக்கு மேல் ஏறியது.

முடிக்காமல் போன வேலை

அதே 1852இல் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கடிகாரத்தின் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. அமைப்பை வரைந்தவர் எட்மண்ட் பெக்கட் டெனிசன் என்ற வழக்கறிஞர். வேலை நடந்துகொண்டிருக்கையில், 1853 மார்ச் 8ஆம் நாள் டென்ட் காலமானார். ஒப்பந்தம் அவரோடு முடிந்துவிட்டதா என்ற சர்ச்சை எழுந்தது. ரிப்பன் மறைந்த பின் அவருடைய மனைவியை டென்ட் மணந்திருந்தார். அந்த ரிப்பனின் மகன் பிரெடரிக், டென்ட் என்ற பெயரை ஏற்று, வேலையைத் தொடர்ந்து 1854இல் முடித்தார்.

கடிகாரம் தயார், கோபுரம் தயாராகவில்லை! ஐந்தாண்டுகள் அது பட்டறையிலேயே ஓடியது. அந்தக் காத்திருப்பும் வீண்போகவில்லை. முட்களைக் காற்று தள்ளினாலும் அந்த விசை ஊசலைச் சென்று கலைக்காத புதிய அமைப்பை டெனிசன் அவ்விடைவெளியில் உருவாக்கிச் சேர்த்தார். 1859 மே 31இல் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஜூலையில் பிக் பென் ஒலித்தது. மறு ஆண்டே பிரெடரிக்கும் மறைந்தார்.

இன்று உலகம் அறிந்தது மணியின் பெயரை மட்டுமே. அதனால் டென்டுக்குப் பெரிய இழப்பு என்று முதலில் எண்ணினேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. ரிப்பன் தொழிலைக் காட்டினார், ஏய்ரி நிபந்தனை விதித்தார், டெனிசன் வரைந்தார், பிரெடரிக் முடித்தார். தம்மிடம் இல்லாததைப் பிறரிடம் பெற்று, தம்மால் முடியாததைப் பிறர் முடிக்கும்படி ஒரு பட்டறையை விட்டுச் சென்றதே டென்டின் சாதனை.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் பழைய கடிகாரம் 1970களில் கழற்றும்போது விழுந்து நொறுங்கியது. இரயில்வே ஊழியர் ஒருவர் அத்துண்டுகளை 25 பவுனுக்கு வாங்கி, வீட்டுக்குக் கொண்டு சென்று, பொறுமையாகப் பொருத்தித் தம் களஞ்சியச் சுவரில் மாட்டினார். 2007இல் அந்நிலையம் மீண்டும் பொலிவு பெற்றபோது அங்கு ஏறிய புதிய கடிகாரத்தின் முகப்பில் டென்ட் என்ற பெயர் இருக்கிறது. அந்த ஊழியரின் பெயர் எந்த முகப்பிலும் இல்லை.

என் அறைக் கடிகாரங்களுள் ஒன்றில் எந்த முத்திரையும் கிடையாது. யார் செய்தார்களோ தெரியாது. வாரந்தோறும் அதற்குச் சாவி கொடுக்கும்போது, அந்தப் பெயரில்லாதவரின் வேலை இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொள்வேன். அடுத்த வாரம்வரை அது என் பொறுப்பு.