ஹரியற் வின்சிலோவும் உடுவிற் சிறுமிகளும்

போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடபுலத்துச் சிறுவர்களை நாடி வினாக்கொத்துகளோடு வந்தோர் பலர். பிள்ளையிடம் கேட்கலாமா, யாருடைய சம்மதத்தோடு கேட்பது, கேட்டதை யாருக்குச் சொல்வது என்ற கேள்விகள் அப்போது எழுந்தன. அவை யாழ்ப்பாணத்துக்குப் புதியவை அல்ல. இரு நூற்றாண்டுகளுக்கு முன் உடுவிலில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் வரலாற்றில் அவற்றின் வேரைக் காணலாம்.

ஹரியற் லாத்ரொப் 1796இல் அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து நோர்விச் நகரில் பிறந்தவர். 1819இல் மைறன் வின்சிலோவை மணந்து, அவ்வாண்டே பொஸ்ரனிற் கப்பலேறினார். பின்னாளில் 1862இல் தமிழ் – ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட வின்சிலோ பாதிரியார் இவருடைய கணவரே. 1820இல் இருவரும் உடுவிலிற் குடியேறினர்.

அன்று நம் பெண் பிள்ளைகளை எழுத்தறிவிக்க விரும்பிய பெற்றோர் அரியர். மழைக்கு ஒதுங்கிய இரு சிறுமிகள் அம்மையாரின் வீட்டில் இரவு தங்கி உணவு உண்டதே விடுதிப் பள்ளியின் தொடக்கம் என்று சொல்லப்படுவதுண்டு. 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலை நிறுவப்பட்டது. ஆசியாவிலேயே அத்தகைய முதற் பள்ளியெனப் போற்றப்படும் உடுவில் மகளிர் கல்லூரி அதுவே.

உணவு, உடை, கல்வி யாவும் இலவசம். படிப்பை முடித்து மணம் செய்வோருக்குச் சீதனம் வழங்கும் வழக்கமும் மிஷனில் இருந்தது. வறிய தந்தை ஒருவர் இவற்றைக் கண்டு பிள்ளையை ஒப்படைத்தால் அதனை மனமுவந்த இசைவு என்பதா, இல்லாமையின் இசைவு என்பதா? இன்றைய ஆய்வு நெறியாளர் முதலிற் கேட்கும் கேள்வி இதுதான்.

பள்ளிச் செலவுக்கு அமெரிக்க அன்பர்கள் பணம் அனுப்பினர். ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் அப்பிள்ளைக்குப் பெயரிடும் உரிமையையும் பெற்றார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என நாம் பெருமையோடு உச்சரிக்கும் பெயர்களின் முன்பாதி இவ்வழக்கத்தின் எச்சமே. பணம் தந்தோர் பிள்ளையின் முன்னேற்றத்தை அறிய விரும்பியது இயல்பு. ஆகவே, யார் எவ்வளவு கற்றனர், எவர் மனம் மாறியது என்பன கடிதங்களாகவும் நாட்குறிப்புகளாகவும் கடல் கடந்தன. மிஷனரிமாரின் குறிப்புகள் பொஸ்ரனில் மிஷன் இதழில் அச்சேறின. தம் உள்ளத்து அசைவுகள் அந்நியர் வீட்டு மேசைகளில் வாசிக்கப்படுவதை அச்சிறுமிகளுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

அம்மையாரை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. பரிசோதனைக்கு உட்படுவோரின் இசைவை வலியுறுத்திய நியூரம்பேர்க் நெறிக்கோவை 1947இல்தான் வந்தது. பிள்ளையின் கருத்துக்கும் அந்தரங்கத்துக்கும் மதிப்பளித்த ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இலேயே பிறந்தது. இலங்கை அதனை 1991இல் ஏற்றது. மேலும், அம்மையார் குறிப்பெடுத்துக் கொண்டு திரும்பிச் சென்றவர் அல்லர். தாம் எழுதிய பிள்ளைகளோடு இறுதிவரை இருந்தார். தரவு திரட்டி விமானமேறுவோரோடு அவரை ஒரே தட்டில் நிறுத்த இயலாது. ஆயினும் அன்பு இருந்ததால் அனுமதி தேவையில்லை என்பதும் பொருந்தாது.

அவர் பெற்ற பிள்ளையும் இதற்கு விலக்காகவில்லை. உடுவிலிற் பிறந்த மகன் சார்ள்ஸ் கல்வி கற்பதற்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அவனுக்கு வயது பதினொன்று. அச்சிறுவனின் வாழ்வும் பக்திநெறி கற்பிக்கும் சிறு நூலாக அமெரிக்கப் பிள்ளைகளின் கைகளிற் சேர்க்கப்பட்டது.

மகன் இறந்து ஓராண்டு நிறையுமுன், 1833 ஜனவரியில், முப்பத்தாறு வயதில் அம்மையார் உடுவிலில் காலமானார். அவருடைய தங்கையர் மூவரும் மிஷன் பணிக்கு வந்தவர்கள். அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக விளங்கிய ஜோன் பொஸ்டர் டலஸ் அவருடைய கொள்ளுப்பேரன். பள்ளியைப் பின்னர் ஸ்போல்டிங் தம்பதியினரும், 1840 முதல் எலைசா அக்னியூ அம்மையாரும் வளர்த்தெடுத்தனர்.

1835இல் மைறன் வின்சிலோ தம் மனைவியின் வரலாற்றை அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டே நூலாக்கினார். உடுவிற் சிறுமிகளை அதிலும் காணலாம். ஆனால் அம்மையாரைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள்?