காற்றின் பெயர் கொண்ட வானூர்தி: குர்ட் டாங்க் வரலாறு

நாஞ்சில் நாட்டாருக்குக் காற்றைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் குடை பிடித்து நடந்தவர் அதன் வலிமையை அறிவர். அதனை அடுத்துள்ள மகேந்திரகிரியின் அடிவாரத்தில் ராக்கெட் எந்திரங்களைத் தரையோடு பிணைத்து, எரியூட்டிச் சோதிக்கிறார்கள். ஓர் எந்திரத்தைச் சொந்தமாகச் செய்ய ஏன் இத்துணைப் பாடு என வினவும் மாணவர்க்குக் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியரின் வாழ்க்கையே தக்க விடை என்பது எமது எண்ணம்.

1898-இல் பிறந்த டாங்க், முதல் உலகப் போரில் குதிரைப் படையில் பணியாற்றியபின் பெர்லினில் பொறியியல் பயின்றார். 1931-இல் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வரைந்த காண்டார் வானூர்தி 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் பறந்து சென்றது. தாம் வரைந்தவற்றைத் தாமே ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஆயினும் அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தது, 20,000-க்கும் மேலாகச் செய்யப்பட்ட எஃப்.டபிள்யூ. 190 என்னும் போர் வானூர்தியே. அது இட்லரின் படைக்குப் பயன்பட்டது. இதனை மறைத்து அவர் புகழ் பாடுவது வரலாறு ஆகாது.

போருக்குப் பின் அர்ஜென்டினா சென்று ஜெட் வானூர்தி ஒன்றைச் செய்தார். அங்கே பெரோன் ஆட்சி கவிழவே, 1956-இல் குழுவினருடன் இந்தியா வந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாமுக்கு ஆசிரியராய் இருந்த வால்ட்டர் ரெப்பென்தின், டாங்கின் தோழர் என்பது இங்கு நினைக்கத் தக்கது.

பெங்களூர் இந்துஸ்தான் நிறுவனத்தில் அந்நாளில் மூத்த வடிவமைப்புப் பொறிஞர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. டாங்க் முதலில் மரத்தாலேயே முழு அளவு வானூர்தி ஒன்றைச் செய்வித்தார். எந்திரமற்ற அதனை 1959-இல் டகோட்டா விமானம் இழுத்துச் சென்று வானில் விட்டது. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் உண்மை வானூர்தியை ஓட்டினார். அதற்குச் சூட்டிய பெயர் மருத். நம் மாருதமும் இச்சொல்லின் உறவே.

உடல் அமைந்தது, உயிர் அமையவில்லை. ஒலியின் இருமடங்கு வேகத்தைக் கருதி வரையப்பட்டது மருத். அதற்குரிய ஆர்ஃபியஸ் 12 எந்திரத்தை முழுமையாக்கப் பிரிட்டிஷார் கேட்ட பணத்தைத் தர இந்திய அரசு முன்வரவில்லை. ஆற்றல் குறைந்த ஆர்ஃபியஸ் 703 எந்திரங்கள் இரண்டைப் பொருத்தியதால், ஒலியின் வேகத்தை எட்டவே அது திணறியது. சில கோடிகளை மிச்சப்படுத்தி ஒரு தலைமுறையின் உழைப்பை முடக்கினர் என்றே எமக்குத் தோன்றுகிறது.

உதவிக்கரம் எகிப்திலிருந்து நீண்டது. கெய்ரோவை அடுத்த ஹெல்வானில் மெஸ்ஸர்ஷ்மிட் வரைந்த எச்.ஏ. 300 வானூர்தியும், பிராண்ட்னர் என்னும் ஆஸ்திரியர் தலைமையில் இ-300 என்னும் ஜெட் எந்திரமும் உருவாகி வந்தன. 1964-இல் அவ்வானூர்தியை முதன்முதலில் பறக்கவிட்டவர் இந்திய விமானி கபில் பார்கவா. நாமும் மருத் ஒன்றை அனுப்பினோம். அது ஒரு பக்கம் பழைய எந்திரமும் மறுபக்கம் இ-300-உம் தாங்கி, 1967 மார்ச்சில் எகிப்திய வானில் பறந்தது. சில வாரங்களில் ஜூன் போர் மூண்டது. 1969-இல் எகிப்து அம்முயற்சியைக் கைவிட்டது.

டாங்க் 1967-இலேயே பணியிலிருந்து விலகிவிட்டார். கூடுதல் உந்துவிசைக்கான அமைப்பு பொருத்திய மருத் ஒன்றைச் சோதிக்கையில் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். 1971 போரில் இராஜஸ்தான் முனையில் பணியாற்றிய மருத், 1990 அளவில் முற்றிலும் ஓய்வு பெற்றது. 147 மட்டுமே செய்யப்பட்டன. பின்னாளில் நம் காவிரியின் பெயரால் ஒரு ஜெட் எந்திரம் தொடங்கப்பட்டும், 2001-இல் தேஜஸ் அமெரிக்க எந்திரத்துடனேயே முதன்முதல் பறந்தது.

டாங்க் 1983-இல் மியூனிக் நகரில் மறைந்தார். அந்நகரை அடுத்த ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில், எகிப்தில் பழுதுற்றுக் கிடந்த எச்.ஏ. 300 வானூர்தி ஒன்று, 1990-களில் ஐந்தாண்டுகளுக்கு மேலாகச் செப்பனிடப்பெற்று வைக்கப்பட்டுள்ளது. அது இனிப் பறப்பதற்கன்று, பார்ப்பதற்கே. மருத்தைக் காண விழையும் மாணவர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூர் வானூர்தி அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது.