30 ரூபாய் குமாஸ்தா

மாங்காட்டிலிருந்து அதிகாலையில் பஸ் ஏறி, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் அறிய வேண்டியது கணித மேதை ராமானுஜத்தின் வரலாறு.

1887-ம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் கணிதம் தவிர வேறு பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. உதவிச் சம்பளம் பறிபோயிற்று. மனம் உடைந்து, 1905-ல் வீட்டை விட்டே ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி!

இந்த முறை அவர் ஓடவில்லை. கணக்கு நோட்டும் கையுமாகப் பெரியவர்களின் வீட்டுப் படியேறி வேலை கேட்டார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்தார். பிறர் பணத்தில் காலம் தள்ள ராமானுஜத்துக்கு மனம் இல்லை. 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய்.

சின்ன வேலைதானே என்று அவர் குன்றிப்போகவில்லை. மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டனர்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவருக்குக் கடிதம் எழுதினார், பயன் இல்லை. சோர்ந்துவிடாமல் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி அழைத்தார். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல், 32-வது வயதில், சென்னையில் காலமானார்.

அவரைத் தூக்கி நிறுத்தியது திறமை மட்டும் அல்ல; வெட்கப்படாமல் படியேறிய துணிவும்தான். கீழே வேலை செய்பவனின் அருமை அறிந்த ஒரு மேலதிகாரியும் வாய்த்தார். தொழிற்சாலை இளைஞர்கள் மட்டுமல்ல, அவர்களை வேலை வாங்குவோரும் இதை மறக்கக் கூடாது.